உறைந்துபோன தொகைகள்: அரசின் வரியும் செலவும் வருமான ஏற்றத்தாழ்வும்

1973-74ஆம் நிதியாண்டில், இந்தியாவில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய்க்கு மேல் ஈட்டிய ஒருவர், அந்த வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் மேல்வரி உட்பட 97 ரூபாய் 75 காசை வருமான வரியாகக் கட்ட வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டுக்குள், 1997-98 வரவுசெலவுத் திட்டத்தில், அந்த உச்ச விகிதம் 30 சதவீதமாக இறங்கிவிட்டது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, அன்று சமத்துவம் இருந்தது, இன்று போய்விட்டது என்று முடிவுகட்டுவோர் உண்டு. அன்று தொழில் முடங்கிக் கிடந்தது, இன்று மூச்சுவிடுகிறது என்போரும் உண்டு. இரு தரப்பாரின் பார்வையும் உச்ச விகிதத்திலேயே நிலைத்திருக்கிறது. ஆனால், பல பத்தாண்டுக் கணக்கில் பார்க்கும்போது ஏற்றத்தாழ்வை அதிகம் தீர்மானிப்பவை பட்ஜெட் நாளன்று எவரும் பேசாத இரண்டு விஷயங்கள். எந்த வருமானமும் எந்தச் சொத்தும் வரியின் எல்லைக்குள் வருகின்றன என்பது ஒன்று. ஏழைகளுக்கென ஒதுக்கப்பட்ட தொகை விலைவாசியுடன் சேர்ந்து ஏறுகிறதா, நிர்ணயித்த இடத்திலேயே உறைந்து நிற்கிறதா என்பது மற்றொன்று.

ஏற்றத்தாழ்வை அளக்கப் பொருளியலாளர்கள் பெரும்பாலும் கினி குறியீட்டைப் பயன்படுத்துகின்றனர். எல்லோருக்கும் ஒரே வருமானம் என்றால் அது 0. மொத்த வருமானமும் ஒருவரிடமே சேர்ந்தால் 1. அரசின் தாக்கத்தை அறிய அதை இருமுறை கணக்கிட வேண்டும். கூலி, சம்பளம், வாடகை, வட்டி, இலாபம் என்று சந்தையிலிருந்து வரும் வருமானத்துக்கு ஒருமுறை. வரியைக் கழித்து, ஓய்வூதியம் போன்ற அரசு உதவிகளைச் சேர்த்த பிறகு மீண்டும் ஒருமுறை. பணக்கார நாடுகளில் உழைக்கும் வயதினரிடையே இரண்டாவது எண் முதல் எண்ணைவிடச் சராசரியாகக் கால்பங்கு அளவுக்குக் குறைந்திருக்கிறது. அயர்லாந்தில் சந்தை வருமான ஏற்றத்தாழ்வு ஐரோப்பாவிலேயே மிக அதிகமான ஒன்று. வரியும் உதவியும் தம் வேலையைச் செய்து முடித்த பிறகு அந்நாடு ஐரோப்பியச் சராசரியை நெருங்கிவிடுகிறது. லத்தீன் அமெரிக்க நாடுகளிலோ நேரடி வரியும் பண உதவியும் ஏற்படுத்தும் மாற்றம் மிகச் சிறியது. ஆகவே, இரு நாடுகளின் சந்தைகள் ஒரேபோல நடந்துகொண்டாலும், அவற்றின் கருவூலங்கள் நடந்துகொள்ளும் விதத்தால் மக்களின் வாழ்க்கைநிலை வெகுவாக வேறுபடலாம்.

இந்தியாவில் இந்தக் கணக்கைப் போடுவது கடினம். அரசின் பெரிய மாதிரி ஆய்வுகள் நெடுங்காலமாகக் குடும்பங்களின் வருமானத்தைக் கேட்பதில்லை, செலவையே கேட்கின்றன. அந்தச் செலவு ஆய்வுகளின்படி, 2011-12இல் கிராமப்புறத்தில் 0.283ஆக இருந்த கினி 2022-23இல் 0.266ஆகவும், நகர்ப்புறத்தில் 0.363ஆக இருந்தது 0.314ஆகவும் குறைந்தது. ஏற்றத்தாழ்வு தணிகிறது என்று சொல்வோர் இந்த எண்களையே காட்டுகின்றனர். வருமான வரிப் புள்ளிவிவரங்களையும் தேசியக் கணக்குகளையும் ஆய்வுத் தரவுகளையும் இணைத்துப் பார்த்த லூக்கா சான்செல், தோமா பிக்கெட்டி முதலிய பொருளியலாளர்களின் மதிப்பீடு இதற்கு நேர்மாறான படத்தைத் தருகிறது. உச்சியில் இருக்கும் 1 சதவீதத்தினர் பெறும் பங்கு 1930களின் இறுதியில் நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ 20 சதவீதமாக இருந்து, 1980களின் தொடக்கத்தில் 6 சதவீதத்துக்கு இறங்கி, 2022-23இல் 22.6 சதவீதத்துக்கு ஏறிவிட்டது என்பது அவர்களின் கணக்கு. இரண்டும் வெவ்வேறு பொருளை அளக்கின்றன. மாதம் 20 லட்சம் ஈட்டுபவர் 20 லட்சத்தையும் செலவழிப்பதில்லை. மிஞ்சும் பணம் பங்காகவும் நிலமாகவும் மாறும்போது செலவு ஆய்வின் கண்ணில் படுவதில்லை. மிகப் பெரிய செல்வந்தர் வீட்டுக் கதவைத் தட்டி, மாதச் செலவைக் கேட்டு எழுதிவரும் வாய்ப்பும் கணக்கெடுப்பாளருக்கு அரிதாகவே கிடைக்கிறது. வரித் தரவை வைத்துச் செய்யும் மதிப்பீட்டிலும் ஊகங்கள் உண்டு, அவற்றின்மீது நியாயமான விவாதமும் உண்டு. எனினும் 1980களுக்குப் பின் உச்சியின் பங்கு பெரிதும் உயர்ந்தது என்ற திசையை மறுக்கப் போதிய காரணம் எனக்குத் தென்படவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் அந்தப் பங்கு இறங்கியதற்கு வருமான வரி மட்டும் காரணமில்லை. சமஸ்தானங்கள் மறைந்தன, ஜமீன்தாரி ஒழிந்தது, 1956இல் ஆயுள் காப்பீடும் 1969இல் பெரிய வங்கிகளும் அரசுடைமையாயின, 1971இல் மன்னர் மானியம் நிறுத்தப்பட்டது. பெருஞ்செல்வத்தின் ஊற்றுக்கண்களே அடைபட்ட காலம் அது. வரிமுறையும் அதற்கு ஏற்பவே வகுக்கப்பட்டது. 1956இல் இந்திய வரிகளைப் பற்றி அறிக்கை தந்த கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோர், வருமானம், சொத்து, அன்பளிப்பு, செலவு, மூலதன ஆதாயம் ஆகிய ஐந்தின்மீதும் வரி போட்டு, ஒன்றின் வழியாகத் தப்பும் பணத்தை மற்றொன்றில் பிடிக்க வேண்டும் என்றார். அப்படிச் செய்தால் வருமான வரியின் உச்சம் 45 சதவீதம் இருந்தாலே போதும் என்பதும் அவருடைய பரிந்துரை. அரசு புதிய வரிகளை ஏற்றுக்கொண்டது; உச்ச விகிதத்தை அந்த அளவுக்குக் குறைக்கும் பகுதியை ஏற்கவில்லை. 97.75க்குப் போய் நின்ற விகிதம் வசூலைப் பெருக்குவதற்குப் பதிலாகக் கறுப்புப் பணத்தைப் பெருக்கியது. விகிதத்தைக் குறைக்குமாறு, நேரடி வரிகளை ஆராய அரசு அமைத்த வாஞ்சூ குழு கூறியதன் பின்னணியில்தான் 1974-75இல் அது 77 சதவீதமாக்கப்பட்டது. மேலே சொன்ன 6 சதவீதம் என்ற எண்ணில், உண்மையான சமத்துவத்துடன் மறைக்கப்பட்ட வருமானமும் கொஞ்சம் கலந்திருக்கக்கூடும்.

அதன் பிறகு நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1953இல் வந்த எஸ்டேட் வரி, அதாவது இறந்தவரின் சொத்து வாரிசுக்குப் போகும்போது விதிக்கப்பட்ட வரி, 1985இல் நீக்கப்பட்டது. அதன் ஆண்டு வசூல் சுமார் 20 கோடி ரூபாய்தான், நிர்வாகச் செலவுக்குக்கூட ஈடாகவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். 1957இல் வந்த சொத்து வரி 2015இல் நீக்கப்பட்டது. 2013-14இல் அதில் வசூலானது 1,008 கோடி ரூபாய் மட்டுமே என்று நிதியமைச்சர் அருண் ஜெட்லி தம் பட்ஜெட் உரையில் குறிப்பிட்டார். எண் சரியானதே, ஆனால் அது ஏன் அவ்வளவு சிறியதாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முழுமையாகும். பங்குகள், கடன் பத்திரங்கள், வங்கி வைப்புகள் ஆகிய அனைத்தும் 1993ஆம் ஆண்டே சொத்து வரியிலிருந்து விலக்கப்பட்டிருந்தன. செல்வந்தரின் செல்வம் பெருமளவில் பங்குச் சந்தையில் வளரத் தொடங்கிய அதே காலத்தில் பங்குகளை விட்டுவிட்டு நகை, கார், கூடுதல் வீடு ஆகியவற்றின்மீது மட்டும் நின்ற வரி, இருபது ஆண்டுகளில் தேய்ந்துபோனதில் வியப்பில்லை. முதலில் அதன் அடித்தளம் அகற்றப்பட்டது. பிறகு வசூல் இல்லை என்று அதுவே அகற்றப்பட்டது. பங்கு விற்பனையில் கிடைக்கும் நீண்டகால ஆதாயத்துக்கு 2004 முதல் 2018 வரை வரியே இல்லை. இன்று அதன் விகிதம் 12.5 சதவீதம், உயர் சம்பளக்காரரின் கடைசி ரூபாய்க்கு வரி 30 சதவீதம், அதற்குமேல் செஸ். உழைப்பால் வரும் பணத்தைவிடச் சொத்தால் வரும் பணத்துக்குக் குறைந்த வரி என்ற இந்த ஏற்பாடு ஓராண்டுக் கணக்கில் சிறிய வேறுபாடாகத் தோன்றும். ஆனால் மிஞ்சிய ஆதாயம் மீண்டும் முதலாகிறது, அந்த முதல் மீண்டும் ஆதாயம் தருகிறது. வாரிசுக்குப் போகும்போதும் வரி இல்லை. முப்பது ஆண்டுகளில் அது உருவாக்கும் இடைவெளியைப் பின்னர் வருமான வரியின் உச்ச விகிதத்தில் ஐந்து புள்ளி கூட்டியோ குறைத்தோ சரிசெய்துவிட முடியாது.

வருமான வரி கட்டாதவர் அரசுக்கு எதுவும் தருவதில்லை என்ற பேச்சு நடுத்தர வர்க்க உரையாடல்களில் அடிக்கடி எழுகிறது. இது உண்மைக்கு முற்றிலும் புறம்பானது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் குடும்பம் அதை முழுவதும் செலவழிக்கிறது. வாங்கும் பொருள்களில் அடங்கிய சராசரி மறைமுக வரி 8 சதவீதம் என்று கொண்டால், அது கட்டும் வரி 1,200 ரூபாய், வருமானத்தில் 8 சதவீதம். மாதம் 3 லட்சம் ஈட்டும் குடும்பம் 1,20,000 ரூபாயைச் செலவழிக்கிறது. விலையுயர்ந்த பொருள்களை வாங்குவதால் சராசரி வரி 12 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், அது 14,400 ரூபாய், வருமானத்தில் 4.8 சதவீதம்தான். இரண்டாவது குடும்பம் தனியாக வருமான வரியும் கட்டுகிறது என்பது உண்மை. ஆனால் மறைமுக வரியை மட்டும் எடுத்துக்கொண்டால் அதன் பாரம் கீழே இருப்பவர்மீதே கூடுதலாக இறங்குகிறது. அரிசிக்கும் காய்கறிக்கும் வரி இல்லாதபோதும் அவற்றை ஏற்றிவரும் லாரியின் டீசலில் வரி இருக்கிறது. 2020 மே மாதத்தில் கச்சா எண்ணெய் விலை சரிந்துகிடந்தபோது, டீசல் மீதான மத்திய கலால் வரி லிட்டருக்கு ஏறத்தாழ 32 ரூபாய்க்கு உயர்த்தப்பட்டது. 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் இரு தவணைகளாக அதில் பாதி குறைக்கப்பட்டது. அதே 2020இன் ஊரடங்கில் வேலை இழந்து நின்ற மக்களும் அந்த வரியைக் காய்கறி விலையிலும் பேருந்துக் கட்டணத்திலும் செலுத்தினார்கள். அந்த உயர்வுக்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், 2019 செப்டம்பரில், நிறுவன வரியின் அடிப்படை விகிதம் சலுகைகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது.

தமிழ்நாட்டின் கணக்கிலும் இதே முடிச்சு இருக்கிறது. 2023-24இல் மது விற்பனை மீதான வரிகளாக மாநில அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயைக் கொண்டுசேர்க்கிறது. ஆண்டுக்கு அதன் செலவு 13,000 கோடி ரூபாய் அளவில் இருக்கிறது. கணவனின் கூலியிலிருந்து மதுக்கடை வழியாகக் கருவூலத்துக்குப் போகும் தொகையையும், மனைவியின் வங்கிக் கணக்குக்கு வரும் தொகையையும் ஒரே குடும்பத்தின் ஏட்டில் எழுதிப் பார்த்தால்தான் அந்தக் குடும்பத்துக்கு அரசு நிகரமாகத் தருவது என்ன என்று தெரியும். உரிமைத் தொகையைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. தன் பெயரில், தன் கணக்கில், யாரிடமும் கேட்காமல் வரும் பணத்துக்கு இருக்கும் மதிப்பை அதைப் பெறும் பெண்களே நன்கு அறிவார்கள். வரியையும் செலவையும் தனித்தனியாகப் பேசுவது எவ்வளவு குறையுடையது என்பதையே இந்த எடுத்துக்காட்டு காட்டுகிறது.

செலவின் பக்கம் வரும்போது காலம் செய்யும் வேலை இன்னும் வெளிப்படையாகிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராம மக்களில் 75 சதவீதத்தினருக்கும் நகர மக்களில் 50 சதவீதத்தினருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் என்று நிர்ணயித்தது. கிலோவில் எழுதப்பட்ட உரிமைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அரிசி விலை எவ்வளவு ஏறினாலும் 5 கிலோ 5 கிலோவாகவே இருக்கும். ஏறும் விலையை அரசு தாங்குகிறது. அதன் குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. பயனாளிகளின் எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஏறத்தாழ 81 கோடியில் நிறுத்தப்பட்டதால், அதன் பிறகு பெருகிய மக்களுக்கு அந்த வரம்பில் இடமில்லை. அனைவருக்கும் பொது விநியோகம் என்ற முறையை விடாமல் காத்துவந்த தமிழ்நாட்டில் இந்தக் குறை பெரிதாக உறைக்கவில்லை.

கிலோவில் இருந்ததை ரூபாய்க்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையில் நடந்தது வலுவான சான்று. அங்கே 1942இல் போர்க்காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு மக்களின் அடிப்படை உரிமையாகவே வேரூன்றியிருந்தது. 1953இல் அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தியபோது வெடித்த ஹர்த்தால் அன்றைய பிரதமர் டட்லி சேனநாயக்காவைப் பதவி விலக வைத்தது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசு அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1978இல் பங்கீட்டை மாதம் 300 ரூபாய்க்குக் குறைவான வருமானம் உள்ள குடும்பங்களோடு நிறுத்தியது; 1979இல் அரிசிக்குப் பதிலாக, ரூபாய் மதிப்பு அச்சிட்ட உணவு முத்திரைகளைக் கொடுத்தது. முத்திரையில் எழுதியிருந்த தொகை மாறவில்லை, விலைவாசி மாறியது. சில ஆண்டுகளிலேயே அந்த முத்திரை வாங்கித்தரக்கூடிய உணவு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. மிக ஏழைக் குடும்பங்கள் உட்கொண்ட உணவின் அளவே குறைந்ததை அக்கால ஆய்வுகள் பதிவுசெய்தன. 1953இல் தெருவுக்கு வந்த மக்கள் இந்த முறை வரவில்லை. விலையை உயர்த்தும் அறிவிப்பை எதிர்த்துக் கூடலாம். எந்த அறிவிப்பும் இல்லாமல் நடக்கும் வெட்டை எந்த நாளில் எதிர்த்துக் கூடுவது?

பிரிட்டனில் இதன் இன்னொரு வடிவத்தைக் காணலாம். 1979இல் அங்கே உச்ச வருமான வரி 83 சதவீதத்திலிருந்து 60ஆகவும், 1988இல் 40ஆகவும் குறைந்தது. விற்பனையின் மீதான மதிப்புக் கூட்டு வரி 8 சதவீதத்திலிருந்து 15ஆக உயர்ந்தது. 1979இல் ஏறத்தாழ 0.25ஆக இருந்த கினி 1990வாக்கில் 0.34ஐத் தொட்டதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் 1980இல் செய்யப்பட்ட மற்றொரு மாற்றம் அன்று அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. அதுவரை சராசரிக் கூலியுடன் சேர்ந்து ஏறிவந்த அரசு ஓய்வூதியம் விலைவாசியுடன் மட்டும் ஏறும் என்று மாற்றப்பட்டது. முதியவர்களின் கையில் இருந்த பணம் வாங்கும் பொருளின் அளவு குறையவில்லை. ஆனால் உழைப்போரின் வருமானம் மேலே போகப்போக அவர்கள் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினார்கள். 2011க்குப் பின் கூலி, விலைவாசி, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அதன்படி ஏற்றுவது என்று விதி மீண்டும் மாறியது.

இந்தியாவில் விலைவாசியுடன்கூடச் சேர்ந்து ஏறாத ஓய்வூதியம் இருக்கிறது. 1995இல் மத்திய அரசு ஆதரவற்ற முதியோருக்கான ஓய்வூதியத்தை மாதம் 75 ரூபாயாகத் தொடங்கியது. 2007வாக்கில் அது 200 ரூபாயாயிற்று. 80 வயதைக் கடந்தவர்களுக்கு 500 ரூபாய் என்று பின்னர் மாற்றப்பட்டதைத் தவிர, 60 முதல் 79 வயதுவரை உள்ளோருக்கு மத்திய அரசின் பங்கு அதே 200 ரூபாயாகவே நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் விலைவாசி ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது. 2007இன் விலையில் சொன்னால் இன்றைய 200 ரூபாய் 70 ரூபாய்க்கும் குறைவு. தொடங்கியபோது கொடுத்த 75 ரூபாய்க்கும் கீழே அது போய்விட்டது. 1962இலேயே முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கிய தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் தம் பங்கைக் கூட்டித் தருகின்றன. இங்கே 2011இல் 1,000 ரூபாயாகவும் 2023இல் 1,200 ரூபாயாகவும் மொத்தத் தொகை உயர்ந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் விலைவாசி ஏறிய அளவுக்கு இந்த 200 ரூபாய் உயர்வும் ஈடாகாது. மகளிர் உரிமைத் தொகையும் ரூபாயில் எழுதப்பட்டதே. ஆண்டுக்கு 5 சதவீத விலை உயர்வு என்று கொண்டால், பத்து ஆண்டுகளில் அந்த 1,000 ரூபாயின் மதிப்பு 614 ரூபாயாகிவிடும்.

விலைவாசியைக் கணக்கிட்டுத் தொகையை ஏற்றும் வழி நம் அரசுக்குத் தெரியாதது அன்று. மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படியும் அவர்களில் ஓய்வு பெற்றோரின் அகவிலை நிவாரணமும் ஜனவரியிலும் ஜூலையிலும் ஆண்டுக்கு இருமுறை, தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்துத் திருத்தப்படுகின்றன. அவர்களுக்கு அது நியாயமாகக் கிடைக்க வேண்டியதே. மாதம் ஐந்நூறோ ஆயிரமோ பெறும் மூதாட்டிக்கு மட்டும் விலைவாசி என்ற ஒன்று இல்லாததுபோல நடந்துகொள்வதற்குத்தான் எந்த நியாயமும் கிடையாது.

உடனே பயன்தரும் உதவிகளைவிட நீண்ட காலத்தில் பலன்தரும் செலவு வேறொரு வழியில் வேலை செய்கிறது. அது சந்தை வருமானத்தையே மாற்றுகிறது. 1956இல் காமராஜர் ஆட்சியில் விரிவுபெற்று, 1982இல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் பெரும் திட்டமாக வளர்ந்த மதிய உணவு, அந்த ஆண்டுகளின் கினி கணக்கில் மிகச் சிறிய எண்ணாகவே தெரிந்திருக்கும். சாப்பாட்டுக்காகப் பள்ளிக்கு வந்து, படிப்பைத் தொடர்ந்த பிள்ளை இருபது ஆண்டுகள் கழித்து ஈட்டிய கூலி எந்த அரசு உதவியின் கணக்கிலும் வராது. ஆயினும் அது அந்தச் செலவின் விளைவே. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் சமைத்த உணவு தர வேண்டும் என்று ஆணையிட்ட பிறகுதான் நாட்டின் பெரும்பகுதி இந்த வழிக்கு வந்தது. மருத்துவத்திலும் அப்படித்தான். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகத் தரும் பங்கு 2014-15இல் 62.6 சதவீதமாக இருந்து 2021-22இல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்று தேசிய சுகாதாரக் கணக்குகள் கூறுகின்றன. ஒரு நோய்க்காக நிலத்தை விற்ற குடும்பம் மீண்டும் அந்நிலையை எட்ட ஒரு தலைமுறை ஆகும் என்பதால், இந்த எண்ணின் இறக்கம் வருமானப் பகிர்வைப் பற்றியதும்கூட.

எல்லாச் செலவும் கீழ்நோக்கிப் பாய்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விவசாயத்துக்கான இலவச மின்சாரம் கிணறும் மோட்டாரும் உள்ளவருக்குப் போகிறது. பெரிய மோட்டாருக்குக் கூடுதலாகப் போகிறது. நிலமற்ற கூலித் தொழிலாளிக்கு அதில் நேரடிப் பங்கு இல்லை. 2010வரை பெட்ரோலுக்கும் 2014வரை டீசலுக்கும் கிடைத்த மானியத்தில் கார் வைத்திருந்தோரின் பங்கு மிகுதி. மானியம் என்ற பெயரே ஏழைகளை நினைவூட்டுவதால், இவற்றை ஆராயாமல் விட்டுவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது.

2025-26 பட்ஜெட்டில், புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்வரை வருமானம் உள்ளோர் வரி கட்டத் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்டது. இதனால் அரசு கைவிடும் வருவாய் ஏறத்தாழ 1 லட்சம் கோடி ரூபாய் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கூறினார். சம்பளக்காரர்களுக்கு அது தேவையான நிவாரணம் என்ற வாதத்தில் பொருள் உண்டு. விலைவாசி ஏறும்போது வரி வரம்பும் ஏற வேண்டும் என்பதே அந்த வாதத்தின் சாரம். அதே பட்ஜெட்டில் முதியோர், கணவரை இழந்தோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு முந்தைய ஆண்டைப் போலவே 9,652 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் முதியோர் ஓய்வூதியம் பெறுவோர் ஏறத்தாழ 2.2 கோடிப் பேர். ஆளுக்கு மாதம் 400 ரூபாய் கூட்டினால் 200 ரூபாய் 600 ரூபாயாகி, 2007இல் இருந்த மதிப்பை மீட்கும். அதற்கு ஆகும் கூடுதல் செலவு ஆண்டுக்கு 10,500 கோடி ரூபாய் அளவில்தான், வருமான வரிச் சலுகைக்குக் கொடுத்ததில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அதன் பிறகு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படிக்குப் பயன்படுத்தும் அதே குறியீட்டெண்ணுடன் அதையும் இணைத்துவிடலாம். இது நாடாளுமன்றச் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட தொகை அன்று. திட்டத்தின் வழிகாட்டு விதிகளில் ஒரு பத்தியை மாற்றி எழுதுவதற்கு ஓர் அமைச்சரவை முடிவு போதும்.